துவர்ப்புக்கு வட்டமில்லை

ராயக்கோட்டை சாலையில்
டயர் கடைக்கு மேல்மாடி.
ஊசி கிடையாது, விரல் வைத்தால் போதுமாம்.
காசு உண்டியலில், அவரவர் விருப்பம்.
வைத்தியர் தஸ்தகீர்
இடுப்பு வலியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.
"நாக்கு என்னம்மா கேக்குது?" என்றார்.

என் நாக்கு சம்பளத்துக்குப் போகிறது, ஐயா.
மாம்பழம் வரும் மூன்று மாதம்
பர்கூர் பக்கம் கூழ் ஆலையில்
ராத்திரி ஷிப்டு.
இனிப்பைக் கருவி எண்ணாகச் சொல்லிவிடும்.
சொன்ன பிறகும் ஒரு கரண்டி
என் வாய்க்கு வரும்.
பெங்களூரா, பதினாலரை, லேசாகப் புளி, போகலாம்.
விழுங்கக் கூடாது, துப்ப வேண்டும்.
விடிவதற்குள் அறுபது கரண்டி துப்புகிறவளிடம்
நாக்கு என்ன கேட்கும்?
சும்மா இருக்க விடு என்று கேட்கும்.

அவர் சுவரைக் காட்டினார்.
தோலில்லாமல் நின்றான் ஒரு சீனத்து ஆள்.
சுற்றிலும் ஐந்து வட்டம்.
பச்சையில் புளிப்பு, கல்லீரல், கோபம்.
சிவப்பில் கசப்பும் இதயமும்.
"அளவா இருந்தா அந்தச் சுவை அந்த உறுப்பைத் தாங்கும்.
மிஞ்சினா அதையே அடிக்கும்."

பச்சை வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
திம்மராயன்
பதினோரு வருசம் குவார்ட்டருக்குத் தொட்டுக்கொண்டது
ஊறுகாய்ப் பொட்டலம்.
அதுவும் புளிப்புதானே,
அதுவும் கல்லீரலுக்குத்தானே போயிருக்கும்,
பின்னால் வந்ததை முந்திக்கொண்டு?
அவனுக்குக் கோபமே வராது.
குடித்தால் சிரிப்பான், எதிர்வீட்டு நாய்க்குப் பாதி முட்டை வைப்பான்.
கோபமெல்லாம் என்னுடையது.
கெட்டது அவன் கல்லீரல்.
இதற்கு எந்த வட்டம் என்று கேட்க வாய் வரவில்லை.

"உங்களுக்குக் கறுப்பு வட்டம்மா," என்றார்.
உப்பு, சிறுநீரகம், பயம்.
இடுப்பு அதன் வீடாம்.
இருக்கலாம்.
எங்கள் போர்த் தண்ணீர்
பிறந்ததிலிருந்து பல்லில் காவி பூசுகிறது,
செவ்வாய்க்கிழமை வசூல் பையனின் பைக்
தெருமுனையில் திரும்பும்போதே
இடுப்புக்குத் தெரிந்துவிடுகிறது.

மஞ்சளில் இனிப்பு, கவலை.
வெள்ளையின் மேல் தினசரி நாட்காட்டி தொங்கியது.
கார்ப்பு, நுரையீரல் வரை படிக்க முடிந்தது.
மூன்றாவது சொல்லைத் தேதி மறைத்துவிட்டது.

விரல்விட்டு எண்ணினேன். ஐந்துதான்.
"துவர்ப்பு எங்கே, ஐயா?"
"அதைப் புளிப்போட சேத்துட்டாங்க."
"தனியா ஒரு உறுப்பு ஒதுக்கலையா?"
"இல்லம்மா."

இருக்காது.
கொட்டை பிரிக்கும் எந்திரம்
சில ராத்திரி கொட்டையையே உடைத்துவிடும்.
பருப்பின் சாறு கூழுக்குள் இறங்கும்.
கருவி அசையாது, அதே பதினாலரை.
எனக்குத்தான் நாக்கு பின்வாங்கும்,
கன்னம் உள்ளே ஒட்டும்,
எச்சில் எங்கோ ஓடி ஒளியும்.
துப்பலாம், போகாது.
நான் கை தூக்கினால்
தொட்டி முழுவதும் ஓரம்கட்டி நிற்கும்.
இந்த ஒரு சுவைக்காகத்தான்
என்னை வேலைக்கு வைத்திருக்கிறார்கள்.

திம்மராயனை எடுத்த அன்று
வாய் அப்படித்தான் இருந்தது.
எல்லம்மா ஒரு டம்ளர் காபி கொடுத்தாள்.
அதில் சர்க்கரை இருந்ததா
என்று இன்றுவரை சொல்லத் தெரியவில்லை,
நாக்கை வைத்துப் பிழைக்கிற எனக்கு.

தஸ்தகீர் மணிக்கட்டில் ஒற்றை விரல் வைத்தார்.
கண் மூடியிருந்தார், நான் மூடவில்லை.
கீழே யாரோ டயருக்குக் காற்றடித்தார்கள்.
வலி கொஞ்சம் நகர்ந்த மாதிரி இருந்தது,
அல்லது நான் நகர்ந்து உட்கார்ந்தேன்.

உண்டியலில் இருபது ரூபாய் போட்டேன்.
நாட்காட்டி இன்னும் நேற்றிலேயே நின்றது.
"கிழிக்கட்டுமா?"
"கிழிங்க."
கிழித்தேன்.
அடியில் இன்றைய தேதி,
அதே சொல்லை மறைத்துக்கொண்டு.

ஆறேகாலுக்கு ஆலை வேன்.